வைத்தவரின் இடது கை

வியாழக்கிழமை காலை காட்பாடியில் ரயில் ஏறினேன். திருப்பதிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். அந்த முப்பது ரூபாய்க்குச் சித்தூரையும் பாகாலாவையும் சந்திரகிரிக் கோட்டையையும் ஜன்னலில் காட்டி, சிக்னல் சிக்னலாக நிறுத்திப் பொறுமையும் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் சித்தூர் கோர்ட்டில் வெகுகாலம் தெலுங்குக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவள். பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது. சாமி கும்பிடத் திருப்பதிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கண்ணிவெடிக்காகப் போனது இதுதான் முதல் தடவை.

கண்ணிவெடியைத் தடை செய்வது, புதைத்ததைத் தோண்டி எடுப்பது இரண்டிலும் அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கலாம் என்று பேச ஒரு சின்னக் கூட்டம். நேபாளம், வங்கதேசம், கம்போடியா, இலங்கை என்று நாட்டுக்கு இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்துவிட்டது. நாம் இன்னும் சேரவில்லை. ஆனாலும் கூட்டத்துக்குச் சாப்பாடு நம்முடையது, அதில் குறை சொல்ல முடியாது. மேடையில் பேசப்படும் தெலுங்கை இலங்கைக்காரர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

தங்கும் விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் யோகராணி, சுருக்கமாக யோகா. கிளிநொச்சிப் பக்கம். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, ஆனால் மணிக்கட்டு மட்டும் தச்சருடையது மாதிரி. கண்ணிவெடி அகற்றும் குழுவில் பல வருடமாக வேலை. ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை பிடித்து, முழங்காலில் இருந்தபடி, நீளப் பிடி போட்ட வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்கும் வேலை. பார்த்து முடித்த மண்ணுக்கு வெள்ளைக் கம்பு, பார்க்காததற்குச் சிவப்புக் கம்பு. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் நம் வீட்டு சமையலறை அளவுக்கு வெள்ளையாகும் என்றாள்.

"பயமாக இல்லையா?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்கிறேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"பயம் இருக்கோணும் அக்கா. பயம் போயிட்டுதெண்டா மேலாளர் லீவு குடுத்து வீட்ட அனுப்பிப் போடுவார்" என்று சிரித்தாள். இரவுச் சாப்பாட்டில் ஆந்திராக் கோங்கூராத் துவையலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வரைபடத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். வெடி புதைத்தவர்கள் புதைத்த இடத்தின் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மணல் நகரும், மழை அடிக்கும், ஏட்டில் இருக்கும் இடத்தில் வெடி இருக்காது என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மறுத்தார். யோகா கையைத் தூக்கினாள்.

"படம் தாறது நல்லம். படத்தோட, வச்ச ஆளையும் தாங்கோ. எங்கட இடத்தில ரெண்டு பக்கத்திலயும் வச்சவை வந்து, இஞ்ச இஞ்ச எண்டு காட்டினவை. அவையின்ர கை ஞாபகம் வச்சிருக்கும்."

கம்போடியாக்காரர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். வைத்தவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பது, நான் கோர்ட்டில் ஒருநாளும் பார்க்காத வழக்கம். அங்கே வைத்தவனைக் கூண்டில்தான் ஏற்றுவோம்.

மாலை எல்லாரையும் வேனில் சந்திரகிரிக்கு அழைத்துப் போனார்கள். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டார்க்குப் பல மடங்கு, ஆனால் சார்க் நாட்டார்க்கு நம்ம விலைதான் என்று பலகையில் எழுதியிருந்தது. நாள் முழுக்கப் பேசியும் கைகூடாத அண்டை நாட்டு ஒத்துழைப்பு, டிக்கெட் ஜன்னலில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. ராஜா மகால் மரமே வைக்காமல் கட்டிய மூன்று மாடி. பின்னால் பாறை மலை, முன்னால் பச்சைப் புல்வெளி. எல்லாரும் புல்லில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். யோகா மட்டும் கல் பாவிய பாதையிலேயே நின்றாள்.

"வா யோகா, புல் ஒண்ணும் கடிக்காது."

"நீங்கள் போயிட்டு வாங்கோ அக்கா. எனக்குப் பாதையில நிண்டாத்தான் காலுக்கு நிம்மதி."

கேலி செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றிருந்த வேன் டிரைவர் தாமு மட்டும் சிரிக்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அவருக்கு. தினம் பஸ்ஸில் திருப்பதி வந்து வேன் ஓட்டுகிறவர். திரும்பி வரும்போது மற்றவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, கடைசியாக எங்கள் விடுதி வாசலில் இன்ஜினை நிறுத்தினார்.

"மேடம், இந்தக்கா வெடி எடுக்கறவங்களா? நெஜமாவே?"

"ஓம். ஏன்?" என்றாள் யோகா.

தாமு வேனுக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னார். அவருடைய அண்ணன் மணிக்கு மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த பட்டா நிலம். வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள். காட்டுப்பன்றி வந்து இரவோடு இரவாகக் கிளறிவிடுகிறது. அதற்காக மணி எங்கேயோ வாங்கிய நாட்டு வெடிகளை வேலி ஓரம் வைப்பார். பன்னி வெடி என்று சொல்வார்களாம்; தீனிக்குள் பொதிந்தது, கடித்தாலோ அமுங்கினாலோ வெடிக்கும். பொழுது சாய்ந்ததும் வைத்து, விடிந்ததும் ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். யாருக்கும் இடம் தெரியாது. தெரிந்தால் போலீஸ் கேஸ்.

"போன வாரம் விடிய கருக்கல்ல பொறுக்கப் போனாரு. வரப்பு மேலயே ஸ்ட்ரோக் வந்து வுய்ந்துட்டாரு. ஒரு பக்கம் கை காலு வரல, பேச்சும் வரல. பையில எடுத்ததப் போலீசுக்குப் பயந்து கெணத்துல போட்டுட்டோம். நெலத்துல எத்தினி மீந்துச்சின்னு தெரீல. நாலு நாளு கயிச்சி பக்கத்து வூட்டுப் பசு வெடி ஒண்ணத் துன்னப் பாத்து வாயி கியிஞ்சிடுச்சி. அப்பத்தான் தெரிஞ்சிது, இன்னும் இருக்குதுன்னு."

"அண்ணனைக் கேட்டனீங்களோ?"

"எத கேட்டாலும் ஆ ஆன்னுக்கினு அய்வறாரு. மதி போயிடுச்சிக்கா."

கடலை முற்றிவிட்டது. ஒரு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கூலிக்கு ஆட்கள் வர மறுக்கிறார்கள். அண்ணி செல்வி யார் சொல்லியும் கேட்காமல் தனியாகவே பிடுங்க ஆரம்பித்துவிட்டாள் என்றார் தாமு. யோகா கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான்.

"அவ இண்டைக்கும் பிடுங்கினவவோ?"

"ஆமா."

"போன் போட்டு நிப்பாட்டச் சொல்லுங்கோ. காலமை நாங்கள் வாறம்."

நாங்கள் என்றதில் நானும் அடக்கம் என்பது எனக்கு அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை. கூட்டத்தின் கடைசி நாள் மதியத்துக்கு மேல்தான் எங்களுக்கு வேலை என்பதால் விடிந்ததும் தாமுவின் வேனில் கிளம்பினோம். புத்தூர், நகரி வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. புத்தூரில் டீ பதினைந்து ரூபாய், நல்ல டீ. நகரி தாண்டும்போது மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மலை வெயிலில் சிவந்திருந்தது. தெலுங்குப் பலகையும் தமிழ்ப் பலகையும் மாறி மாறி வந்தன. எந்த மாநிலத்தில் போகிறோம் என்பது சாலையின் பள்ளத்தை வைத்துக்கூடத் தெரியவில்லை.

நிலத்துக்குத்தான் முதலில் போனோம். வண்டிப்பாதையில் நின்றபடியே யோகா பார்த்தாள். கடலைச் செடி மஞ்சளாகப் பழுத்து, மலைப்பக்க முள்வேலி வரைக்கும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. அழகான வயல். இதற்கு முன்னால் நான் எந்த வயலைப் பார்த்தும் பயந்ததில்லை. பாதை ஓரம் மட்டும் நாலைந்து வரிசை பிடுங்கி, செடிகளைக் குப்புறப் போட்டிருந்தது. அங்கே செல்வி நின்றாள். முப்பது முப்பத்தைந்து வயது, தலையில் துண்டு, கை நிறைய மண்.

"ஏன் தனியாப் பிடுங்கினீங்கள்? உங்களுக்கு ஒண்டு நடந்தா அவரை ஆர் பாக்கிறது?" என்று யோகா எடுத்த எடுப்பில் திட்டினாள்.

"நெலம் வந்து மொத மொத நல்லா வெளஞ்ச வருசம் இது யக்கா. மண்ணுல வுட்டுட்டு இன்னாத்த துன்றது?" செல்வி குரலை உயர்த்தவில்லை. "நீங்க எடுத்துக் குடுத்துருங்க. யாருக்கும் சொல்ல மாட்டோம்."

"நான் தொடமாட்டன். கவசம் இல்லை, ஆள் இல்லை, இந்த வெடி எனக்குப் பழக்கமும் இல்லை. எடுக்கிறது உங்கட போலீஸின்ர வேலை. எங்க இருக்கெண்டு கேக்கிறது மட்டும்தான் என்ர வேலை. வீட்டுக்குப் போவம்."

காலனி வீடு. ஒரே அறை, முன்னால் தகரச் சார்ப்பு. கட்டிலில் மணி படுத்திருந்தார். வலது கை துணி மாதிரி கிடந்தது. எங்களைக் கண்டதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. யோகா அவர் கிட்டே போய், கோர்ட்டில் நான் ஒருநாளும் கேட்காத மரியாதையோடு பேசினாள்.

"அண்ணை, நான் இலங்கையில வெடி எடுக்கிறனான். வச்ச ஆக்களோட வேலை செய்து பழக்கம். உங்களில பிழை பிடிக்க வரேல்லை. எனக்கு ஒரு உதவி வேணும்."

அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். யோகா செல்வியின் பச்சைப் புடவை ஒன்றை வாங்கி நாலாக மடித்து, அவர் மடிமேல் விரித்தாள். மேல் ஓரத்தில் ஒரு சீப்பு. அதுதான் மலைப்பக்க வேலி. கீழ் ஓரத்தில் ஒரு கயிறு, வண்டிப்பாதை. ஒரு மூலையில் எவர்சில்வர் டம்ளர், கிணறு. செல்வி பிடுங்கிய கடலையில் ஒரு பிடி எடுத்து அவருடைய இடது கைப்பக்கம் வைத்தாள்.

"இது உங்கட வயல். கடலைதான் வெடி. மிச்சம் இருக்கிற இடத்தில வையுங்கோ."

மணி கடலையைத் தொடவில்லை. டம்ளரைப் பார்த்து "ஆ... ஆ..." என்றார். இடது கையால் அதைத் தட்டினார்.

"தண்ணி கேக்கறாரு" என்று செல்வி சொம்பை எடுக்க ஓடினாள். தண்ணீரை வாயருகில் கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாகத் தட்டினார். டம்ளர் உருண்டது. தாமு என்னைப் பார்த்தார். நான் சொன்னேனே மேடம், மதி இல்லை என்று அந்தப் பார்வை சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மணி உருண்ட டம்ளரை எட்டிப் பிடித்தார். விரல் நழுவியது. மறுபடி பிடித்து, புடவை சுருங்கச் சுருங்க இழுத்துக்கொண்டு போய் எதிர் மூலையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு யோகாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கிணறு!" யோகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிணத்தை நான் மாறி வச்சிட்டன். அண்ணை திருத்திறார்!"

செல்வியின் கையில் சொம்பு அப்படியே இருந்தது. "ஐயோ, எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் படுத்துக்கினு இருந்தியா? தெனம் தண்ணி தண்ணின்னு வாயில ஊத்தனேனே" என்று அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முழு மனிதர் ஒருவர் ஒரு வாரமாக அந்தக் கட்டிலுக்குள் இருந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மணி அவசரப்படவில்லை. ஒவ்வொரு கடலையாக எடுத்தார். சீப்பின் ஓரமாக மூன்று, தள்ளித் தள்ளி. கிணற்றுப் பக்கம் ஒன்று. வயலுக்கு உள்ளே, பன்றி இறங்கும் தடத்தில் இரண்டு. வேர்த்துக் கொட்டியது. வைத்ததை எல்லாம் ஒருமுறை கண்ணால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்ததில் ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அடுத்த வீட்டுக் கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே வாயில் மருந்து பூசிய பசு நின்றிருந்தது.

"அது பசு கடிச்சது" என்றார் தாமு.

யோகா தாமுவைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு இரக்கமே இல்லாமல் புடவையை உதறி, எல்லாவற்றையும் கலைத்துவிட்டாள். "ஒருக்காச் சொன்னா நாங்கள் நம்பிறதில்லை. ஆர் சொன்னாலும். இன்னொருக்கா, அண்ணை." மணி முகத்தைச் சுளித்தார். சலிப்புதான், எந்த ஆணும் வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னால் காட்டும் சலிப்பு. ஆனால் செய்தார். கடலைகள் அதே இடங்களில் போய் உட்கார்ந்தன; பசு கடித்தது மட்டும் மறுபடி அவர் உள்ளங்கைக்குள் போனது. நான் கைப்பேசிப் படத்தையும் புடவையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவருடைய கைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இனிமேல்தான் கஷ்டமான இடம். போலீஸுக்குச் சொல்லாமல் வெடியை எடுக்க வழியில்லை. சொன்னால் வைத்தவர் மேல் வழக்கு.

"கேஸோட போச்சின்னா பரவால்ல" என்றார் தாமு. "பட்டாவையே ரத்து பண்ணிட்டாங்கன்னா? எங்க நைனா காலத்துல இருந்து இதுக்குத்தான அலஞ்சாங்க. வாணாம் அண்ணி. மீந்துருக்கறது அஞ்சுதான், எடந்தான் தெரிஞ்சி போச்சே. அத வுட்டுட்டு மீதிய புடுங்கிக்கலாம்."

செல்வி யோகாவைப் பார்த்தாள். யோகா பதில் சொல்லத் தயங்கினாள். அவள் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எங்கட அப்பான்ர காணியும் சிவப்புக் கம்புக்குள்ளதான் கிடக்குது. அங்க வச்ச ஆள் ஆரெண்டு தெரியாது. இருக்கிறாரோ இல்லையோ. உங்களுக்கு ஆள் இருக்கிறார், சொல்லியும் போட்டார். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல."

செல்வி எழுந்து புருஷன் முன்னால் போய் நின்றாள். "போலீசுக்குச் சொல்லட்டுமா? உன் பேரத்தான் சொல்லணும். கேசு உன் மேலதான் வரும். நெலம் போனாலும் போவும்." மணி அவளையே பார்த்தார். மூடியிருந்த இடது கையைத் திறந்தார். பசு கடித்ததற்கான அந்தக் கடலை உள்ளே நசுங்கிப் போயிருந்தது. அதை அவள் கையில் வைத்துவிட்டு, தாமுவின் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டார்.

செல்வியே பேசினாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "சார், மா ஆயன பேரு மணி. மா சேனுலோ பன்னி வெடி இருக்குது, நாங்கதான் வச்சோம்" என்று புருஷன் பேரையும் வயலையும் தெலுங்கிலும் மிச்சத்தைத் தமிழிலும் சொல்லி ஆரம்பித்தாள். மொழிபெயர்க்க நான் பக்கத்திலேயே நின்றேன். தேவைப்படவில்லை.

மதியத்துக்குள் நாங்கள் திருப்பதி திரும்ப வேண்டியிருந்தது. போலீஸ் ஜீப் எங்களுக்கு எதிரே வந்ததைப் பார்த்தோம். வெடிகுண்டு நிபுணர்கள் மறுநாள் காலைதான் வருவார்கள் என்றும் அதுவரை நிலத்துக்குக் காவல் என்றும் தாமு வேனை ஓட்டியபடி தகவல் கேட்டுச் சொன்னார். மாலை நிறைவுக் கூட்டத்தில் வரைபட ஒப்படைப்பு பற்றித் தொடர்ந்து பேசுவது என்று முடிவாகியது. யோகா என் காதில், "அவையள் கதைக்கட்டும், கதைச்சுக் கதைச்சுத்தான் எங்கட நாடும் சேர்ந்தது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அலிபிரியில் இருந்து திருமலைக்கு நடந்தே ஏறினோம். மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேல். நான் ஐந்நூறிலேயே என் பென்ஷனை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். படி படியாகக் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு போனார்கள் பெண்கள். முக்கால்வாசி தூரத்துக்கு மேலே மோகால மிட்டா என்ற செங்குத்தான இடம் வருகிறது. அங்கே வேண்டிக்கொண்டவர்கள் முழங்காலிலேயே ஏறுகிறார்கள். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று ஒவ்வொரு படியாக. யோகா நின்று அவர்களை வெகுநேரம் பார்த்தாள்.

அங்கேதான் போன் வந்தது. தாமுவின் எண், பேசியது செல்வி. யோகா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"யக்கா, அஞ்சும் எடுத்துட்டாங்க. அவரு காட்டுன எடத்துலயே இருந்துச்சி. ஒண்ணு மட்டும் ரெண்டு மொழம் கீய இருந்துச்சி, பாச்சுன தண்ணி இட்டுக்கினு போயிருக்குது. கெணத்துல போட்டதையும் எடுக்கறோம்னு சொல்லிருக்காங்க."

"வழக்கு?"

"போட்டுட்டாங்க. பட்டா விசயமா தாசில்தாரு இருக்கற எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கும் வரச் சொல்லிருக்காங்க. போவணும். இன்னா ஆவுமோ தெரீல." கொஞ்சம் நிறுத்தினாள். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. "இப்ப புடுங்கிக்கினு இருக்கறோம் யக்கா. கூலிக்கு வர மாட்டேன்னவங்கல்லாம் வந்துருக்காங்க. அவர கட்டலோட தூக்கினு வந்து வரப்பு மேல வச்சிருக்கறோம். ஆ ஆன்னு வேல வாங்கறாரு."

யோகா போனை மடியில் செருகிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். வேண்டுதல் உண்டென்றால் இந்த இடத்தில் முழங்காலில் ஏறிவிடலாமே என்று அவளிடம் சொன்னேன்.

"இல்லை அக்கா. முழங்காலில போறது என்ர வேலை. சாமியிட்ட நான் நடந்துதான் போவன்" என்றாள். செருப்பில்லாத காலோடு, அடுத்த படியைக் குனிந்து பார்க்காமல், விறுவிறுவென்று ஏறிப் போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

திங்கட்கிழமை அவள் சென்னை விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். நான் அதே முப்பது ரூபாய் ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்கினேன். ரயில்வே காலனி தாண்டி என் வீட்டுக்குக் குறுக்கு வழியாக ஒரு காலி மனை இருக்கிறது. புல்லும் எருக்கஞ்செடியும் மண்டிய இடம். வருடக்கணக்காக அதன் நடுவே கைப்பையை வீசிக்கொண்டு நடந்திருக்கிறேன், ஒருநாளும் தரையைப் பார்த்ததில்லை. அன்று அதன் ஓரத்தில் நின்றேன். யாரும் எனக்காக அங்கே வெள்ளைக் கம்பு நட்டிருக்கவில்லை. நட வேண்டிய அவசியமே இல்லாத மண் அது. அந்தப் பாக்கியம் இத்தனை வருடம் என் காலுக்கடியில் கிடந்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் வரைக்கும் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய் வீட்டுக் கதவைத் திறந்தேன்.